தல்மனூத்தாவுக்கு எந்த வண்டி

உ
மதுரை
8-2-1978

தங்கச்சி மாயக்காளுக்கு அண்ணன் உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி சோணையம்மாளும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் அப்படியே இருக்க வேண்டும்.

பதினேழு வருஷம் கழித்து அண்ணன் கடிதம் போடுகிறானே, யார் செத்தார்கள் என்று பதறாதே. யாரும் சாகவில்லை. நீ வேதக்காரரைக் கட்டிக்கொண்டு போனபோது, இவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னவன் நான். அதைத் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் காரியம் என்று வந்துவிட்டால் ரோஷம் பார்க்கிறவன் கடை நடத்த முடியாது. உன் விலாசத்தை உன்னோடு படித்த டீச்சரம்மாவிடம் வாங்கினேன்.

விஷயம் மருதுவைப் பற்றி. நீ போகும்போது அவனுக்கு நாலு வயசு, உன் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். பி.காம். முடித்துவிட்டு நம் மிளகாய் வற்றல் மண்டியில்தான் உட்கார்ந்தான். நல்ல கெட்டிக்காரன். மூட்டைக்குள் முழங்கை வரை இடது கையை விட்டு அடிச்சரக்கை அள்ளிப் பார்ப்பான். எரிகிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. குண்டூரிலிருந்து வருகிற வியாபாரிகளே வாயைப் பிளப்பார்கள். பிறவி வியாபாரி என்று நானும் கீழமாசி வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் மண்டிக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் மண்டிக்கும் வரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

பொங்கலுக்கு ஒரு கார்டு வந்தது. "நலமாக இருக்கிறேன். தேட வேண்டாம். தங்கச்சி சீனியம்மாள் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். மருது, தல்மனூத்தா." அவன் கையெழுத்துதான். முத்திரையில் ஊர் பேர் இல்லை, ரயில் தபால் என்றுதான் இருக்கிறது.

நான் சரக்கு அனுப்பாத ஊர் கிடையாது. லாரி புக்கிங் ஆபீசில் கேட்டேன், தெரியாது. கூட்ஸ் ஷெட்டில் கேட்டேன், தெரியாது. பக்கத்துக் கடை நைனா முகமது பாய் ரங்கூன், கொழும்பு எல்லாம் பார்த்தவர். "உக்கிரபாண்டி அண்ணே, கப்பல் போற தடத்துலயும் இப்பிடி ஒரு ஊரு கெடையாது" என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் அந்த டீச்சரம்மாதான், இது உங்கள் வேதப் புஸ்தகத்தில் வருகிற ஊர் என்று சொன்னது. அப்படியானால் உன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. அது எந்த ஜில்லா, எந்த வண்டி ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், மூன்றையும் எழுது. மேலூர் மலையாண்டி வீட்டில் சீனியம்மாளைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல இடம். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்துவர மச்சினன் வேண்டும்.

இப்படிக்கு,
உக்கிரபாண்டி

----

வட ஆற்காடு ஜில்லா
2-3-1978

கர்த்தருக்குள் என் அன்பான அண்ணனுக்கு மாயக்காள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் கிருபையால் சுகம். அண்ணிக்கு மழைக்காலத்தில் வருகிற மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? வெந்நீரில்தான் குளிக்கச் சொல்லு.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பிரித்த பிறகும் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

தல்மனூத்தா என்பது மாற்கு எழுதின சுவிசேஷத்தில் எட்டாம் அதிகாரத்தில் ஒரே ஒரு தடவை வருகிறது. வேறு எங்கேயும் இல்லை. என் வீட்டுக்காரர் ஊழியத்துக்குப் படிக்கும்போது கிரேக்கு பாஷை கற்றவர். அவரிடம் கேட்டேன். புதிய ஏற்பாடு கிரேக்கில்தான் எழுதப்பட்டது, ஆனால் கிரேக்கில் இந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாதாம். கலிலேயாக் கடலோரம் எங்கேயோ இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே என்று யாராலும் காட்ட முடியவில்லை. மத்தேயு இதே சம்பவத்தை எழுதும்போது இந்தப் பேரை விட்டுவிட்டு மக்தலா என்று போட்டிருக்கிறார். சில பண்டிதர்கள், இது ஊரே இல்லை, 'அந்தப் பகுதிகளில்' என்று பொருள்படுகிற அரமேயுப் பேச்சை, எழுதினவர் ஊர்ப் பேர் என்று எண்ணிக் கிரேக்கில் அப்படியே வைத்துவிட்டார் என்றும் சொல்கிறார்களாம்.

ஆகையால் எந்த வண்டி என்று என்னால் எழுத முடியவில்லை அண்ணே. சீனியம்மாள் கல்யாணம் எந்த மாசம் வைத்திருக்கிறீர்கள்? மருது நன்றாக இருப்பான். நம்பு.

உன் தங்கை,
மாயக்காள்

----

உ
மதுரை
19-4-1978

தங்கச்சிக்கு. இங்கே சௌக்கியம். அண்ணிக்கு மூச்சிரைப்பு அப்படியேதான் இருக்கிறது. பிள்ளை போனதிலிருந்து கூடியிருக்கிறது.

உன் வீட்டுக்காரர் நன்றாகப் படித்தவர்தான். ஆனால் எனக்கு வேண்டியது பாடம் இல்லை. சரக்கு ஒன்று வந்து இறங்கினால் அதை ஏற்றினவன் ஒருத்தன் இருக்க வேண்டும், ஏற்றின இடம் ஒன்று இருக்க வேண்டும். கார்டு வந்திருக்கிறது. ஊர் இல்லை என்றால் அதை நான் எப்படி ஒப்புக்கொள்வது?

இங்கே வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்கிறான் ஒருத்தன். போலீஸ் தேடுகிறது என்கிறான் இன்னொருத்தன். மேலூர் மலையாண்டி நேரிலேயே வந்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, மருது எங்கே? ஆளையே காணோம்?"

"வெளியூர் கொள்முதலுக்குப் போயிருக்கான்."

"ஆறு மாசமாவா கொள்முதல் பண்றான்? வற்றல் வாங்கப் போனானா, வற்றல் வெதைக்கப் போனானா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு மூஞ்சி செத்துவிட்டது. ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்து, சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குள் பையன் விஷயம் ஒரு பக்கமாகத் தெரிந்துவிட வேண்டும் என்று பெண்கள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருக்கிறானா, இல்லையா. இரண்டில் ஒன்று. நடுவில் தொங்கக் கூடாது.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லு. இத்தனை ஊர் இருக்க, ஒருத்தன் எதற்காக இந்தப் பேரைத் தேடிப் பிடித்து எழுதுவான்?

உக்கிரபாண்டி

----

வட ஆற்காடு ஜில்லா
30-5-1978

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். அங்கே எல்லோருடைய சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன்.

நீ கேட்டதை அவரிடம் கேட்டேன். அந்த ஊரில் என்ன நடந்தது என்று பார் என்றார். இயேசு படகில் போய் அங்கே இறங்குகிறார். பரிசேயர் வந்து, வானத்திலிருந்து ஒரு அடையாளம் காட்டு என்று வம்புக்கு நிற்கிறார்கள். அவர் பெருமூச்சு விடுகிறார். அடையாளம் எதுவும் கொடுக்கப்படாது என்று சொல்லிவிட்டு, திரும்பப் படகேறி அக்கரைக்குப் போய்விடுகிறார். அங்கே நடந்தது அம்புட்டுத்தான். சுகமாக்குதல் இல்லை, போதனை இல்லை. வந்தார், போனார்.

அண்ணே, நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி வைக்க முடியாதா? கார்த்திகை வரைக்குமாவது பொறு. எதற்கு என்று கேட்காதே. பிள்ளை இருக்கிறான் என்றே வைத்துக்கொள். மேலூராரிடமும் அப்படியே சொல்லு. நான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மாயக்காள்

----

மதுரை
20-7-1978

தங்கச்சிக்கு.

மருது கிடைத்துவிட்டான். ஆனி மாத நடுவில் கூடல்நகர் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தான். வண்டி ஏறிவிட்டது. முகம் இல்லை. பையனைக் காணோம் என்று கேள்விப்பட்டிருந்த போலீஸ்காரர் மண்டிக்கு ஆள் அனுப்பினார். மேலூர் மலையாண்டியும் அப்போது இருந்தார், கூடவே வந்தார். பார்த்து, நம் பிள்ளைதான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். செக்கானூரணித் தோட்டத்தில் அடக்கம் பண்ணி மேடை கட்டியாகிவிட்டது. பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்தது. உனக்கு ஆள் அனுப்ப அவகாசம் இல்லை.

அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. மற்றபடி எல்லோரும் இருக்கிறோம். கல்யாணம் ஆவணியில் குறித்தபடி நடக்கும். மலையாண்டியே, துக்கத்தை வைத்து நல்ல காரியத்தைத் தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாலை போட அவர்கள் பக்கமே ஒரு பங்காளிப் பையனை நிறுத்திக்கொள்வார்கள்.

இனி அந்த ஊரைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டாம்.

உக்கிரபாண்டி

----

வட ஆற்காடு ஜில்லா
26-7-1978

அண்ணே,

யாரைப் புதைத்தாய்?

மருது இங்கே இருக்கிறான். இதை எழுதும்போது வராந்தாவில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். உன் கடிதத்தை அவனுக்குக் காட்டவில்லை. கொடுத்த வாக்கு போகட்டும், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கிற இடம் மிஷன் ஆஸ்பத்திரி என்று உனக்குத் தெரியும். என்ன ஆஸ்பத்திரி என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. நீ எழுதுகிற விலாசம் பக்கத்து ஊர் சர்ச் விலாசம். இது குஷ்டரோக ஆஸ்பத்திரி. போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், டாக்டர் ஒருவர் சொல்லி இங்கே வந்தவன், என் பேரைக் கேள்விப்பட்டு வாசலில் வந்து நின்று, "மாயக்கா அத்தைதானே?" என்றான். இடது கையை நீட்டினான். மணிக்கட்டுக்கு மேலே வெளுத்த ஒரு படை, உள்ளங்கை அகலம். வற்றல் மூட்டையில் கைவிட்டால் எல்லோருக்கும் எரிகிறது, எனக்கு மட்டும் ஏன் எரியவில்லை என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு நாள் ஊதுபத்தியால் தானே சுட்டுப் பார்த்திருக்கிறான். தெரியவில்லை. நீ அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

தங்கச்சி கல்யாணம் முடிகிற வரை யாருக்கும் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். அதனால்தான் நான் கார்த்திகை வரை பொறு என்றேன். டாக்டர் அதற்குள் மாத்திரை நன்றாகப் பிடித்துவிடும் என்றார், அவனே வந்து மாலை போடலாம் என்று நினைத்தேன். இப்போதே அவனால் யாருக்கும் ஒட்டாது. இரண்டு விரல் மடங்கிவிட்டது. அந்தக் கையில் ஊசி குத்தினாலும் தெரியாது. மற்றபடி ஆள் நன்றாக இருக்கிறான்.

தல்மனூத்தா என்கிற அந்தப் பேர் அவன் கண்டுபிடித்தது இல்லை. இங்கே ரொம்ப காலமாக இருக்கிற பழக்கம். வீட்டுக்குக் கடிதம் போடுகிறவர்கள் இந்த ஊர்ப் பேரை எழுத மாட்டார்கள். இந்த ஊர்ப் பேரைப் பார்த்தாலே தபால்காரனிலிருந்து தெரு முழுக்கத் தெரிந்துவிடும். முன்னே இருந்த பாதிரியார் ஒருவர், வேதத்தில் எவராலும் காட்ட முடியாத ஊர் ஒன்று இருக்கிறது, அதை எழுதுங்கள், பொய் ஆகாது என்று சொன்னாராம். ரயிலில் போகிறவர்களிடம் கொடுத்துத் தபால் பெட்டியில் போடச் சொல்வோம். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு அந்த ஊரிலிருந்து கடிதம் போகிறது. முதல் தடவையாக வழி கேட்டு எழுதினவன் நீதான்.

போலீசில் போய்ச் சொல்லு அண்ணே, தவறுதலாகிவிட்டது என்று. முகம் இல்லாத உடம்பு, யாருக்கும் வரும். அண்ணியிடம் முதலில் சொல்லு.

மாயக்காள்

----

உ
மதுரை
10-10-1978

தங்கச்சி மாயக்காளுக்கு. சீனியம்மாள் கல்யாணம் ஆவணி இருபதில் நல்லபடியாக நடந்தது. மேலூரில் சந்தோஷமாக இருக்கிறாள். அண்ணி படுக்கையும் எழுச்சியுமாக இருக்கிறாள். நான் நலம்.

உன் கடிதம் அப்போதே கிடைத்தது. கல்யாணம் முடியட்டும் என்று வைத்திருந்தேன். நான் மூடி மறைத்துப் பேசுகிறவன் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். தவறுதலாக நடக்கவில்லை. அது மருது இல்லை என்று துணியை விலக்கினதுமே எனக்குத் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாமல் போகுமா? போலீஸ்காரர், "என்ன முதலாளி, உங்க பையன்தானா?" என்றார். மலையாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போனவனுடைய தங்கையை எவனும் கட்ட மாட்டான். செத்துப்போனவனுடைய தங்கையைக் கட்டுவான். ஆமா என்றேன். அந்தப் பிள்ளையைக் கேட்டு யாரும் வரவில்லை. நானாவது மாலை போட்டு, மேளம் வைத்து, கௌரவமாக எடுத்துப்போய் வைத்தேன். அனாதையாகப் போகவில்லை.

மருதுவை அங்கேயே வைத்துக்கொள். நமக்கு நம்பிக்கையான லாரி டிரைவர் சோலை மாசா மாசம் அந்தப் பக்கம் வருவான், அரிசியும் பருப்பும் வற்றலும் அனுப்புகிறேன். அவனுக்கு என்ன வேண்டுமோ கேட்டு எழுது. செத்தவன் திரும்பி வந்தால், ஏன் போனான், எங்கே இருந்தான் என்று கேள்வி வரும். குஷ்டம் என்று ஒரு சொல் மேலூரில் விழுந்தால் சீனியம்மாள் மறுநாள் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். கையெழுத்துப் போட்டதற்கு என்னையும் உள்ளே தூக்கி வைப்பான்.

அவன் ராத்திரி பாலோடுதான் படுப்பான். அங்கே பால் கிடைக்கிறதா?

உக்கிரபாண்டி

----

வட ஆற்காடு ஜில்லா
18-12-1978

அண்ணனுக்கு. சுகமாயிருக்க வேண்டுகிறேன். சோலை கொண்டுவந்த மூட்டைகள் வந்து சேர்ந்தன. பால் கிடைக்கிறது.

உன் கடிதங்களை மருது பார்த்துவிட்டான். சோலையே வாய் தவறி, "தம்பி, உங்களுக்கு மேடை கட்டி வெள்ளையடிச்சாச்சே" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு மறைத்து என்ன? எல்லாவற்றையும் படித்தான். சிரித்தான். பிறகு அரிசியில் கல் பொறுக்கப் போய் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரிடம் போய், "மாமா, மத்தேயு ஏன் தல்மனூத்தாவை எடுத்துட்டு மக்தலான்னு போட்டாரு?" என்று கேட்டான். இவர், தெரியாத ஊரை எழுதினால் படிக்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள், தெரிந்த ஊரைப் போட்டிருக்கலாம் என்றார். "எங்க அப்பாவும் அதைத்தான் பண்ணியிருக்காரு மாமா. இருக்கற எடம் தெரியாத ஆளை எடுத்துட்டு, தெரிஞ்ச எடத்துல கெடந்த ஆளைப் போட்டுட்டாரு" என்றான். இந்த வார்டில் அந்தப் பேருக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். திரும்பி வராத படகு என்பார் ஒரு தாத்தா, மூடின கதவு என்பாள் ஒரு அம்மாள். இவர், எதற்கும் ஆதாரம் இல்லை, பொருள் தெரியவில்லை என்பதுதான் உண்மை என்பார். மருதுவுக்கு இவர் சொல்கிறதுதான் பிடித்திருக்கிறது.

அவனுக்கு வீட்டுக்கு வர ஆசை இல்லை. சீனியம்மாள் வாழ்க்கையைக் கெடுக்கவும் மாட்டான். அவன் கேட்கிறது ஒன்றுதான். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடு. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் எவனுக்கோ அழுதுகொண்டிருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

மாயக்காள்

----

உ
மதுரை
22-2-1979

தங்கச்சிக்கு. இங்கே எல்லோரும் நலம். சீனியம்மாள் முழுகாமல் இருக்கிறாள்.

அண்ணியிடம் சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளால் மனசில் ஒன்றை வைத்துக்கொள்ள முடியாது. பிரசவம் ஆகட்டும். இனி கடிதத்தை வீட்டுக்குப் போடாதே, நைனா முகமது பாய் கடை விலாசத்துக்குப் போடு.

ஒரு விஷயம். யாரிடமும் சொல்ல முடியாமல் உனக்கு எழுதுகிறேன். போன வாரம் மண்டிக்கு ஒரு அம்மாள் வந்தது. கீழக்குயில்குடி, பேர் ஒச்சாயி. கல் உடைக்கிற கை, பார்த்தாலே தெரியும். மகன் சுடலை மேலூர்ப் பக்கம் குவாரிக்குப் போகிறேன் என்று வைகாசியில் போனவன். பொங்கலுக்கும் வரவில்லை என்றதும் தேட ஆரம்பித்திருக்கிறது. போலீசில் என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஐயா, ஆனி மாசம் தண்டவாளத்துல கெடந்த பிள்ளையை உங்க மகன்னு நீங்கதான் வாங்கிட்டுப் போனீகளாம்."

"ஆமா."

"நல்லாப் பாத்தீகளா?"

"பெத்தவனுக்குத் தெரியாதா?"

"கோவிச்சுக்கிடாதீக. எம்மகனுக்கு வலது கால்ல ஆறு வெரலு. அதை மட்டும் சொல்லிருங்க, நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

"அஞ்சுதான் இருந்துச்சு" என்றேன்.

அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டது. "உங்க வாய்க்குச் சக்கரை போடணும் சாமி. அப்ப எம்மகன் எங்கேயோ உசுரோட இருக்கான்" என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து போய்விட்டது. நான் கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

ஆறுதான் இருந்தது மாயி.

உக்கிரபாண்டி

----

வட ஆற்காடு ஜில்லா
14-3-1979

அண்ணனுக்கு. உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். மருது வாசலில் நின்றதைக் கவனிக்கவில்லை.

"அந்த ஆத்தா இனிமே சாகற வரைக்கும் தேடுமே அத்தை" என்றான்.

நான், உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கொண்டாவது இருக்கட்டுமே, அதையும் பிடுங்க வேண்டுமா என்றேன். "நீங்க இங்க இருந்து பாக்கறீங்க. எத்தனை வீட்டுல பிள்ளை எப்ப வருவான்னு உக்காந்திருக்காங்கன்னு நான் பக்கத்துக் கட்டில்ல கேக்கறேன். எங்களாலயாவது கார்டு போட முடியும். சுடலை எதைப் போடுவான்?" என்றான். புதைத்தது மருது இல்லை என்று சாட்சி சொல்ல உலகத்தில் தான் ஒருத்தன்தான், தானே உயிரோடு அந்த அம்மாள் முன்னால் போய் நிற்க வேண்டும் என்றான்.

நேற்று ராத்திரி வண்டிக்குக் கிளம்பிவிட்டான். மாத்திரைகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். முதலில் கீழக்குயில்குடிக்குப் போகிறான், உன் வீட்டுக்கு இல்லை. அங்கிருந்து அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு உன்னிடம் வருவான். நீ ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும் அண்ணே. அவன் வேறு எதுவும் கேட்க மாட்டான். உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

மாயக்காள்

----

மதுரை
2-4-1979

மாயி,

வந்தான். மத்தியானம் லோடு இறங்குகிற நேரம். மண்டி நிறைய ஆள். மலையாண்டி சம்பந்தி சீனியம்மாளுடைய வளைகாப்புக்கு நாள் சொல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் அந்த அம்மாள், பின்னால் அவன். மெலிந்திருக்கிறான். இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தான்.

அந்த அம்மாள்தான் பேசியது. "ஐயா, இந்தத் தம்பி உங்க மகன்னு சொல்லுது. இது உங்க மகனா?"

மூட்டை தூக்குகிறவர்கள் தூக்கின மேனிக்கு நின்றுவிட்டார்கள். ஆமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லை, இது யாருன்னு தெரியாது" என்று வந்தது.

அந்த அம்மாள் என்னையும் பார்த்தது, அவனையும் பார்த்தது. "சரி. அது போகட்டும். வெரலு அஞ்சா, ஆறா? சாமி சத்தியமாச் சொல்லுங்க" என்றது. அதற்கு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மாள் அப்படியே வற்றல் சிந்திக் கிடந்த தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டது. மருதுதான், "எந்திரிங்க ஆத்தா, கண்ணு எரியும்" என்று தூக்கினான். போகும்போது என்னைப் பார்த்து, "வாரேங்க முதலாளி" என்றான். கடைக்கு வருகிற யாரும் சொல்கிற மாதிரி.

மலையாண்டி சோடாவைக் குடித்து முடித்தார். "ஏன் சம்பந்தி, அப்பிடியே ஒங்க ஜாடை. பிள்ளை பொழச்சு வந்தா நல்லதுதானே? கையில என்னமோ சீக்கு, அதானே? எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க என்ன ஒங்களைக் கடிச்சா தின்னுருப்போம்?" என்றார். அப்போதும் நான் ஆமா என்று சொல்லவில்லை. ஆளை மாற்றிச் சொல்கிறீர்கள் என்றேன். அவர் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சீனியம்மாளை அவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை. வளைகாப்பும் குறித்த நாளில்தான்.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. நான் போனபோது வீடு திறந்து கிடந்தது, உன் அண்ணி இல்லை. அன்றைக்கே கீழக்குயில்குடிக்குப் போய்விட்டாளாம்.

மூன்றாம் நாள் நானும் போனேன். சுடலையுடைய ஒரு சட்டையையும் வேட்டியையும் மடித்துப் பலகையில் வைத்து, அதற்கு மாலை போட்டிருந்தார்கள். பெண்கள் வட்டத்தில் உன் அண்ணி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இத்தனை மாசம் அவள் அழுததும் அந்தப் பிள்ளைக்குத்தானே. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த அம்மாளுக்கு வேறு ஆண் துணை இல்லை. கேதத்துக்கு வருகிறவர்களுக்குக் கை கொடுக்க ஒரு ஆண் நிற்க வேண்டுமே, மருது தலையை மழித்துக்கொண்டு தம்பி முறைக்கு நின்றான். கல் உடைக்கிற ஆட்கள் வரிசையாக வந்து அவன் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் வரிசையில் நின்றேன். நீ யார் என்று யாரும் கேட்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

என் முறை வந்தது. இரண்டு கையையும் நீட்டினேன். அவனும் நீட்டினான். மற்றவர்கள் தொட்டுவிட்டுப் போனார்கள், நான் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டேன். மடங்கின இரண்டு விரலையும் சேர்த்துக் கெட்டியாகப் பிடித்தேன். பின்னால் நின்ற ஆள் முதுகில் இடிக்கிற வரை விடவில்லை. அவன் என் தலைக்கு மேலே, வரிசை இன்னும் எம்புட்டு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மாத்திரை வாங்க அவன் உன்னிடம்தான் வர வேண்டும். வரும்போது, நான் பிடித்தது அவனுக்குத் தெரிந்ததா என்று கேட்டு எழுது.

உக்கிரபாண்டி